காசு இரண்டு குப்பிக்குத்தான்: எந்த வெட்டு நொதியத்தை வாங்குவது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, ஹட்டனிலிருந்து சித்தி மகள் அழைத்தாள். கம்பஸில் கடைசி வருடம். ஆய்வுக்கு இரண்டு நொதியக் குப்பிகள் வாங்கிக்கொள்ளலாம் என்று அவளுடைய மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். மூன்றாவதற்குக் காசு இல்லை. “அக்கா, புத்தகத்தில வகை ஒன்று, ரெண்டு, மூனு, நாலுன்னு போட்டிருக்கு. இதில எது நல்லது? எதை எழுதிக் கொடுக்க?” என்று கேட்டாள்.

நான் பேராதனையில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். தேயிலைக் கொழுந்திலிருந்து டிஎன்ஏ எடுப்பது, வெட்டுவது, ஒட்டுவது, இதுதான் அன்றாடம். இந்தக் கேள்வியை வருடத்துக்கு இரண்டு பேராவது கேட்டுவிடுவார்கள். ‘ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதியம் டிஎன்ஏ-வைக் குறித்த இடத்தில் வெட்டும்’ என்று உயர்தரத்தில் ஒரே வரியில் படித்துவிட்டு வருகிறோம். கம்பஸில் அதுவே நான்கு வகையாக, ஓர் அட்டவணையாக வந்து நிற்கிறது. பரீட்சைக்கு அந்த அட்டவணை போதும். காசு கொடுத்து வாங்கும்போது போதாது. அதனால் அவளுக்குப் போனில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

அவளுக்கு இரண்டு வேலைகள் இருந்தன. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு தேயிலை இனங்களை டிஎன்ஏ-வை வைத்துப் பிரித்தறிய வேண்டும். அப்புறம், மூன்று டிஎன்ஏ துண்டுகளை ஒரு பிளாஸ்மிட்டுக்குள், அதாவது பற்றீரியாவில் இருக்கும் சிறு வளைய டிஎன்ஏ-வுக்குள், வரிசை மாறாமல் ஒட்ட வேண்டும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு வகைகளைப் பார்க்கலாம்.

இந்த நொதியங்கள் பற்றீரியாவின் காவல்காரர்கள். வைரசு தன் டிஎன்ஏ-வை உள்ளே செலுத்தினால் அதைத் துண்டு போடுவது இவற்றின் வேலை. ஒவ்வொரு நொதியமும் டிஎன்ஏ-வின் ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளால் ஆன ஒரு குறித்த தொடரைத் தேடும். தன் டிஎன்ஏ-வும் சேர்ந்து வெட்டுப்படாமல் இருக்க, அதே எழுத்துத் தொடர் வரும் இடங்களில் எல்லாம் பற்றீரியா மெதைல் என்ற சிறு இரசாயனக் குறி போட்டு வைத்திருக்கும். ஒரு பற்றீரியா இனத்தில் நன்றாகப் பெருகும் வைரசு இன்னோர் இனத்தில் பெருக முடியாமல் தடைப்படுவதை 1950களின் தொடக்கத்தில் லூரியா முதலியவர்கள் கண்டார்கள். அந்தத் தடைதான் இன்றும் ஆங்கிலப் பெயரில் இருக்கிறது. குறி போடுவதும் வெட்டுவதும் ஒரே ஏற்பாட்டின் இரண்டு கைகள் என்று 1960களில் சுவிற்சர்லாந்தின் வேர்னர் ஆபர் விளக்கினார்.

ஆபர் ஆராய்ந்தது வகை ஒன்றை. மூன்று விதப் புரதங்கள் சேர்ந்த பெரிய கூட்டு அது. ஒன்று தொடரை வாசிக்கும், ஒன்று மெதைல் குறி போடும், ஒன்று வெட்டும். ஈ.கோலை பற்றீரியாவின் ஈகோகே-1 வாசிக்கும் தொடர், ஏ-ஏ-சி, பிறகு எதுவானாலும் சரி என்ற ஆறு எழுத்து, பிறகு ஜி-டி-ஜி-சி. இவ்வளவு துல்லியமாக வாசித்துவிட்டு அது அங்கே வெட்டுவதில்லை. வாசித்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு, கலத்தின் சக்தி மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து, இரண்டு பக்கத்து டிஎன்ஏ-வையும் வடம் இழுப்பதுபோலத் தன்னிடம் இழுக்கும். இழுவை எங்கே முட்டி நிற்கிறதோ அங்கே வெட்டும். அந்த இடம் ஆயிரம் எழுத்துக்கு அப்பாலும் இருக்கலாம், பல ஆயிரம் எழுத்துக்கு அப்பாலும் இருக்கலாம். மூலக்கூறுக்கு மூலக்கூறு அது மாறும். வைரசை ஒழிக்க இது தாராளமாகப் போதும். துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் பட்டை பார்க்க நினைக்கும் நமக்கு ஒன்றும் கிடைக்காது, ஒரே இழுவல்தான். 1968இல் மெசல்சனும் யுவானும் இந்த நொதியத்தைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார்கள். ஆனாலும் அதை வைத்து டிஎன்ஏ-வை ஒழுங்காகத் துண்டாக்க முடியவில்லை.

ஆகவே வகை ஒன்றை வாங்கத் தேவையில்லை. அதற்காக மறந்துவிடவும் முடியாது. பிளாஸ்மிட் ஏற்றுவதற்கு நாங்கள் வளர்க்கும் டிஎச்5-ஆல்ஃபா என்ற ஈ.கோலை இனத்தின் விபரத்தாளில் ‘எச்எஸ்டிஆர்17’ என்று ஒரு குறிப்பு இருக்கும். வகை ஒன்றின் வெட்டும் கை அந்த இனத்தில் முடக்கப்பட்டிருக்கிறது என்பது அதன் அர்த்தம். அது முடக்கப்படாத பற்றீரியாவுக்குள், குறி இல்லாத வெளி டிஎன்ஏ-வை ஏற்றினால் அதில் பெரும்பகுதி உள்ளே போனதும் வெட்டுப்பட்டுவிடும். தட்டில் கொலனி வராததற்கு ஒட்டுவேலையைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

வகை மூன்றைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். ஈகோபி15-1 என்பது இந்த வகையில் விலைக்குக் கிடைப்பது. சி-ஏ-ஜி-சி-ஏ-ஜி என்று வாசித்து, 25 எழுத்து தள்ளி ஓர் இழையையும் 27 எழுத்து தள்ளி மற்ற இழையையும் வெட்டும். தூரம் மாறாமல் இருப்பது நல்ல குணம். ஆனால் ஒரே டிஎன்ஏ-வில் எதிரெதிர்த் திசையில் பார்க்கும் இரண்டு தொடர்கள் அதற்கு வேண்டும். ஏடிபியும் வேண்டும். எல்லாம் கொடுத்தாலும் வெட்டு முழுமையாவது அரிது. ஒரே அளவான குறுந்துண்டுகளை ஆயிரக்கணக்கில் எடுத்து எண்ணும் ஆய்வுகளுக்கு இது உதவியிருக்கிறது. இரண்டு குப்பிக்குக் காசு வைத்திருப்பவர் இதற்கு ஒன்றைச் செலவழிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வகை நான்கு மற்றவற்றுக்கு நேர்மாறு. மெதைல் குறி இருந்தால்தான் வெட்டும். இந்த வகையில் மெக்பிசி என்ற நொதியம் பேர்பெற்றது. மெதைல் ஏறிய சி எழுத்து இரண்டு இடங்களில், 40 முதல் 3,000 எழுத்து இடைவெளியில் இருந்தால் அது வேலை செய்யும். ஏடிபிக்குப் பதில் அதையொத்த ஜிடிபி கேட்கும். தேயிலைக்காரர்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் தாவர டிஎன்ஏ-வில் மெதைல் அதிகம். இலையிலிருந்து எடுத்த டிஎன்ஏ-வை அப்படியே வெட்டி ஒரு சாதாரண ஈ.கோலைக்குள் ஏற்றினால், அதனுள் இருக்கும் வகை நான்கு நொதியங்கள் அதைப் பதம் பார்த்துவிடும். டிஎச்5-ஆல்ஃபாவில் வகை ஒன்றுதான் முடக்கப்பட்டிருக்கிறது, வகை நான்கு உயிரோடுதான் இருக்கிறது. அந்த மாதிரி வேலைக்கு டிஎச்10பி போன்ற, இரண்டுமே நீக்கப்பட்ட இனம் வேண்டும். பிசிஆரில் (குழாய்க்குள் டிஎன்ஏ-வைப் படியெடுத்துப் பெருக்கும் முறை) பெருக்கிய துண்டில் மெதைல் இருக்காது, அதற்கு டிஎச்5-ஆல்ஃபா போதும். தங்கச்சி ஏற்றப்போவது பிசிஆர் துண்டுகளை. அதனால் அவள் தப்பித்தாள்.

மிஞ்சுவது வகை இரண்டு. விலைப்பட்டியல்களில் பக்கம் பக்கமாக இருப்பவை கிட்டத்தட்ட எல்லாமே இந்த வகைதான். 1970இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹமில்டன் ஸ்மித்தும் கூட இருந்தவர்களும் வாசிக்கிற இடத்திலேயே வெட்டும் நொதியம் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். அடுத்த வருடமே அங்கிருந்த டேனியல் நேத்தன்ஸ் அதை வைத்து எஸ்வி40 வைரசின் டிஎன்ஏ-வை 11 துண்டாக வெட்டிக் காட்டினார். ஆபர், ஸ்மித், நேத்தன்ஸ் மூவருக்கும் 1978இல் நோபல் பரிசு கிடைத்தது. கவ்வாத்து வெட்டுபவர் மட்டக்கோலை வைத்து எந்த உயரமோ அங்கேயே கத்தியைப் போடுவதைப் போல, இவை தொடரைக் கண்ட இடத்திலேயே வெட்டும். ஏடிபி வேண்டாம், மெக்னீசியம் இருந்தால் போதும்.

வகை இரண்டுக்குள்ளேயே பல கிளைகள் இருக்கின்றன. வாங்கும்போது உண்மையில் முடிவெடுக்க வேண்டியது இங்கேதான்.

நாம் வழக்கமாகப் பாவிக்கும் கிளை, முன்னும் பின்னும் ஒன்றாக வாசிக்கப்படும் தொடரைத் தேடுவது. ஈகோஆர்-1 வாசிப்பது ஜி-ஏ-ஏ-டி-டி-சி. எதிர் இழையை அதன் திசையில் வாசித்தாலும் அதே ஜி-ஏ-ஏ-டி-டி-சி வரும். முதல் ஜி-க்கு அடுத்து வெட்டுவதால் இரு பக்கமும் ஒற்றை இழையாக நான்கெழுத்து ஒட்டு முனை நீட்டிக்கொண்டிருக்கும். ஹிண்ட்-3, பாம்எச்-1 எல்லாம் இதே குடும்பம். எஸ்எம்ஏ-1, ஈகோஆர்-5 போன்றவை நேராக வெட்டி மொட்டை முனை விடும். எஸ்எம்ஏ-1 பற்றி மலைநாட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: அதற்கு 25 பாகை வேண்டும். ‘அறை வெப்பநிலை’ என்று எழுதியிருக்கிறதே என்று மேசையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அந்தச் செய்முறையை எழுதியவரின் அறை வேறு, ஜனவரி மாதத்து நுவரெலியா அறை வேறு.

எத்தனை எழுத்து வாசிக்கிறது என்பது அடுத்த கணக்கு. நான்கெழுத்து வாசிப்பது சராசரியாக 256 எழுத்துக்கு ஒரு முறை வெட்டும். ஆறெழுத்து என்றால் 4,096க்கு ஒரு முறை, நொட்-1 போன்ற எட்டெழுத்து என்றால் 65,536க்கு ஒரு முறை. தேயிலையின் மொத்த டிஎன்ஏ சுமார் 300 கோடி எழுத்து. அதை ஈகோஆர்-1 கொண்டு வெட்டினால் ஏழு இலட்சத்துக்கு மேல் துண்டுகள் வரும். ஜெல்லில் மேலிருந்து கீழ்வரை பனி மூடியதுபோல ஒரே புகையாகத் தெரியும். முதல் தடவை பார்க்கும் மாணவர்கள் வேலை கெட்டுவிட்டது என்று குழாயைக் கொட்டிவிடுவார்கள். கெடவில்லை, நன்றாக வெட்டுப்பட்டால் அப்படித்தான் இருக்கும். இனம் பிரிக்க வேண்டுமானால் தேவையான சிறு பகுதியை மட்டும் பிசிஆரில் பெருக்கி, அதை வெட்ட வேண்டும்.

தங்கச்சியின் முதல் வேலை அதுதான். அவளிடம் இருந்த இரண்டு இனங்களின் தொடர்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். எண்ணூறு எழுத்துத் துண்டில் ஓரிடத்தில் ஒன்றில் ஜி-ஏ-ஏ-டி-டி-சி, மற்றதில் ஜி-ஏ-ஜி-டி-டி-சி. ஓர் எழுத்துத்தான் வித்தியாசம், அதுவும் ஈகோஆர்-1 வாசிக்கும் தொடருக்குள் விழுந்திருக்கிறது. ஒன்று 500, 300 என்று இரண்டாக உடையும், மற்றது உடையாது. முதல் குப்பி முடிவானது. இங்கே நல்ல நொதியம், கெட்ட நொதியம் என்ற பேச்சே வரவில்லை, எதை வாங்குவது என்பதைத் தொடர்தான் சொன்னது. தொடரைப் பார்க்காமல் ‘எல்லாரும் வாங்குவது’ என்று ஒரு குப்பியை வாங்கி, அது வெட்டும் இடமே தங்கள் துண்டில் இல்லாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்லவேளை, ஈகோஆர்-1 மலிவு. அதே காசுக்கு நொட்-1 வாங்குவதைவிடப் பல மடங்கு அலகு கிடைக்கும். வேலை முடிந்ததும் 65 பாகையில் 20 நிமிடம் வைத்தால் அடங்கிவிடும். பாம்எச்-1 சூட்டுக்கு அப்படி அடங்காது, டிஎன்ஏ-வைக் கழுவித்தான் எடுக்க வேண்டும்.

தேயிலையில் ஒரு சிக்கல் உண்டு. அது தன் மகரந்தத்தால் தானே காய்ப்பது அரிது, அயல் செடியோடு கலந்தே வருவதால் ஒரே செடியில் இரண்டு விதத் தொடரும் இருப்பது சாதாரணம். அப்படிப்பட்ட செடியில் 800, 500, 300 என்று மூன்று பட்டையும் வரும். நொதியம் பாதி வெட்டி நின்றுபோனாலும் அதே மூன்று பட்டைதான் வரும். எது எது என்று ஜெல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. கட்டாயம் வெட்டுப்படும் என்று தெரிந்த ஒரு துண்டைப் பக்கத்தில் ஓட்டினால்தான் தெரியும்.

பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் டிஎன்ஏ-வின் அழுக்கே காரணம். சிடிஏபி என்ற சவர்க்காரப் பொருளைக் கொண்டு டிஎன்ஏ எடுக்கும்போது கடைசியில் குழாயின் அடியில் படியும் உருண்டை வெள்ளையாக இருக்க வேண்டும். முற்றிய இலையிலிருந்து எடுத்தால் அது பிளேன்டீ நிறத்தில் இருக்கும். தேநீருக்கு நிறம் கொடுக்கும் பொலிபினோல்கள்தான் அங்கேயும் ஒட்டிக்கொண்டு நொதியத்தை முடக்கும். பொலிபினோலைப் பிடித்துக்கொள்ளும் பிவிபி சேர்த்து அரைப்பதும், காலையில் பறித்த இளங்கொழுந்தை ஐசில் கொண்டுவருவதும் உதவும். சந்தேகம் வந்தால் உங்கள் தேயிலை டிஎன்ஏ-வோடு கொஞ்சம் லாம்ப்டா டிஎன்ஏ (தொடர் முழுவதும் தெரிந்த ஒரு வைரசின் டிஎன்ஏ) கலந்து வெட்டுங்கள். லாம்ப்டாவும் வெட்டுப்படவில்லை என்றால் தடை குழாய்க்குள்தான் இருக்கிறது.

இது தெரியாமல் முதல் வருடத்தில் நான் செய்த பிழையையும் சொல்கிறேன். வெட்டு முழுமையாகவில்லையே என்று 20 மைக்ரோலீற்றர் கலவையில் 5 மைக்ரோலீற்றர் நொதியத்தை விட்டேன். குப்பியில் இருப்பதில் பாதி கிளிசரோல். கலவையில் அது 12 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. கிளிசரோல் 5 சதவீதத்துக்கு மேல் போனால் ஈகோஆர்-1 போன்றவை நிதானம் இழந்து, ஓர் எழுத்து வேறான தொடர்களையும் வெட்டத் தொடங்கும். ஜெல்லில் வந்த புதுப் பட்டைகளைப் பார்த்துப் புது இனம் கண்டுபிடித்துவிட்டதாக இரண்டு நாள் சந்தோஷமாகத் திரிந்தேன். 20 மைக்ரோலீற்றருக்கு 2க்கு மேல் வேண்டாம். ஒரு மணி நேரம் கூட வைப்பது இதைவிட நல்லது.

இனி இரண்டாவது வேலை. மூன்று துண்டுகளும் பிளாஸ்மிட்டும் என்றால் நான்கு இணைப்புகள். வழக்கமான கிளையில் போனால் நான்கு இணைப்புக்கும் வெவ்வேறு ஒட்டு முனை வேண்டும், நான்கு நொதியம் வரை தேவைப்படும். ஒவ்வோர் இணைப்பிலும் ஆறெழுத்துத் தழும்பும் மிஞ்சும். அவளுக்கு மிஞ்சியிருந்தது ஒரு குப்பிக்கான காசு.

இங்கேதான் இரண்டு-எஸ் என்ற கிளை கைகொடுக்கிறது. இவை வாசிக்கும் தொடர் முன்பின் ஒன்றாக இருக்காது. வாசித்த இடத்துக்குச் சற்று வெளியே போய் வெட்டும். பிஎஸ்ஏ-1, ஜி-ஜி-டி-சி-டி-சி என்று வாசித்து, ஓர் எழுத்து விட்டு, அடுத்த நான்கெழுத்தை ஒட்டு முனையாக விடும். அந்த நான்கெழுத்து எதுவாக இருக்க வேண்டும் என்பதைப் பிசிஆரைத் தொடக்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டான முதன்மியில் நாமே எழுதிக்கொள்ளலாம். 256 சேர்க்கைகளில் முன்பின் ஒன்றாக இருக்கும் 16ஐத் தள்ளினால் 240 மிஞ்சும். ஒரே நொதியத்தை வைத்து ஒவ்வோர் இணைப்புக்கும் தனி முனை கொடுக்கலாம். சரியாக ஒட்டிய பிறகு வாசிப்புத் தொடரே அங்கே இருக்காது, அதனால் திரும்பவும் வெட்டுப்படாது. வெட்டும் நொதியத்தையும் ஒட்டும் லைகேசையும் ஒரே குழாயில் போட்டு 37 பாகைக்கும் 16 பாகைக்கும் மாற்றி மாற்றி ஓட்டலாம். 2008இல் வெளிவந்த கோல்டன் கேட் முறை இதுதான். முதன்முதலில் இதைச் செய்து பார்த்த நாள் எனக்கு மறக்காது. தட்டில் எடுத்த எட்டுக் கொலனியில் ஏழு சரியாக இருந்தது.

இதில் ஒரு பொறி இருக்கிறது, அட்டவணைகளில் வராது. முன்பின் ஒன்றாக இருக்கும் ஆறெழுத்துத் தொடர் 4,096க்கு ஒரு முறை என்றேன். பிஎஸ்ஏ-1இன் தொடர் அப்படி இல்லாததால் இரண்டு இழையிலும் தனித்தனியாக வரலாம், சராசரி 2,048க்கு ஒரு முறை ஆகிவிடும். இரண்டாயிரம் எழுத்து நீளமான துண்டுக்குள் ஒன்று ஒளிந்திருக்க நல்ல வாய்ப்பு. தங்கச்சியின் மூன்று துண்டுகளில் நீளமானது 1,900 எழுத்து. தேடிப் பார்க்கச் சொன்னேன். இருந்தது, நடுவில் ஒன்று.

அந்தத் தொடரில் ஓர் எழுத்தைப் பிசிஆரில் மாற்றிவிடலாம், ஆனால் கூடுதல் முதன்மிகளும் ஒரு வாரமும் போகும். இல்லாவிட்டால் வேறு இரண்டு-எஸ் நொதியம் எடுக்கலாம். பிபிஎஸ்-1இன் தொடரும் பிஎஸ்எம்பி-1இன் தொடரும் அவளுடைய துண்டுகளிலும் பிளாஸ்மிட்டிலும் இல்லை. பிபிஎஸ்-1இல் சில தயாரிப்புகளை −80 பாகையில் வைக்கச் சொல்வார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் போனபோது −80 பெட்டியில் இருந்ததை எப்படிக் காப்பது என்று பட்ட பாடு இன்னும் நினைவிருக்கிறது. −20இல் வைக்கும் குப்பிகள் கிளிசரோலால் உறையாமல் திரவமாகவே இருக்கும். குளிர்ப்பெட்டிக்குள் வைத்து, கதவைத் திறக்காமல் இருந்தால் சில மணி நேரம் தாங்கும். பிஎஸ்எம்பி-1க்கு 55 பாகை பிடிக்கும், அவளுடைய கூடத்தில் 37 பாகை அடைகாப்பான்தான் இருக்கிறது. அதே தொடரை வாசித்து, அதே மாதிரி வெட்டி, 37 பாகையிலேயே வேலை செய்யும் எஸ்ப்3-1 இருக்கிறது. −20இல் வைக்கலாம். இரண்டாவது குப்பியாக அதை எழுதிக் கொடுத்தாள்.

துண்டு ஒன்றே ஒன்று, பிளாஸ்மிட் ஒன்று என்றால் இதே ஆலோசனையைச் சொல்லியிருக்க மாட்டேன். அதற்கு ஈகோஆர்-1, ஹிண்ட்-3 சோடி போதும். முதன்மி எழுதுவதும் சுலபம், பிழைத்தால் கண்டுபிடிப்பதும் சுலபம்.

குப்பிகள் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்த அன்று நானும் அவளோடு இருந்தேன். பெட்டியில் ஐஸ் பாதி கரைந்திருந்தது. தேயிலையைத் தொடுவதற்கு முன் ஈகோஆர்-1ஐ லாம்ப்டாவில் சோதித்தோம். 48,502 எழுத்து, ஐந்து இடத்தில் வெட்டு, ஆறு துண்டு வர வேண்டும். ஜெல்லில் ஐந்து பட்டைதான் தெரிந்தது. அவள் முகம் வாடிவிட்டது. “5,804உம் 5,643உம் ஒட்டித்தான் ஓடும், இன்னும் ஒரு மணி நேரம் ஓட விடு” என்றேன். வோல்ற்றைக் குறைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனோம். திரும்பி வந்து பார்த்தபோது மூன்றாவது பட்டை மெல்லியதாக இரண்டாகப் பிரிந்திருந்தது.